கடைசிக் காட்சியில் கவர்னர் வருகிறார்

(சங்கரன்கோவிலில் நாடகக் கலைஞர்களும் நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அரிச்சந்திரன் நாடகம் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. காசி நகரத் தெருவில் சந்திரமதியையும் பாலகன் லோகிதாசனையும் விலை கூறும் கட்டம் வந்தால், முன் வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். அரசி காலகண்டர் வீட்டில் அடிமை. அரசன் வீரபாகுவிடம் அடிமை, சுடலை காக்கிறான். விடியும் நேரத்தில் தேவர்கள் தோன்றுகிறார்கள். இறந்த பிள்ளை எழுந்து உட்காருகிறான். அரிச்சந்திரன் அயோத்திக்குப் போகிறான். மங்களம் பாடித் திரை விழுகிறது.

நாம் ஒன்று கேட்கிறோம். காலகண்டர் வீட்டில் சந்திரமதியோடு சேர்ந்து நெல் குத்தினாளே இன்னொரு அடிமைப் பெண், அவள் என்ன ஆனாள்? அவளுக்கு எந்தத் தேவர் வந்தார்? வீரபாகுவின் மற்ற ஆட்கள் மறுநாளும் சுடலைக்குத்தானே போயிருப்பார்கள்? அரசன் அடிமையானதற்கு நாம் அழுதோம். அடிமை அடிமையாக இருந்ததற்கு யாரும் அழவில்லை. அது நாடகத்தில் ஒரு விஷயமாகவே இல்லை.

இந்தக் கேள்வியை வைத்துக் கொண்டு கொஞ்சம் தூரம் போய் வரலாம் என்று நினைக்கிறோம். பிரெஞ்சு நாட்டு நாடக மேடை வரைக்கும் போகலாம். ஏன் பிரான்ஸ் என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரன் நமக்கு அந்நியனே தவிர, அறிமுகமில்லாதவன் அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் 1954-ம் ஆண்டு வரை அவன் கையில் இருந்தன. அங்கிருந்து கப்பலேற்றப்பட்ட நம் மக்கள் அவனுடைய கரும்புத் தோட்டங்களில் மடிந்திருக்கிறார்கள். மேலும், அடிமை ஒழிய வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் அந்த நாட்டில் சட்டசபையில் நடந்தது போலவே நாடகக் கொட்டகையிலும் நடந்தது. அந்த வாதத்தில் நாம் கற்றுக் கொள்ளச் சரக்கு இருக்கிறது.

மூன்று வருஷ அடிமைத்தனம்

முதலில் மரிவோ என்பவர் எழுதிய 'அடிமைகளின் தீவு' என்ற சிறு நாடகம். 1725-ம் ஆண்டு பாரிஸில் அரங்கேறியது. கதை கிரேக்க நாட்டுக் கதை. எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒரு தீவைத் தங்கள் நாடாக்கிக் கொண்டிருக்கிறார்கள். புயலில் சிக்கி ஒரு எஜமானனும் அவன் வேலைக்காரனும், ஒரு எஜமானியும் அவள் வேலைக்காரியும் அங்கே ஒதுங்குகிறார்கள். தீவின் சட்டப்படி எஜமானர்கள் மூன்று வருஷம் அடிமையாக இருக்க வேண்டும். உடைகள் மாறுகின்றன, பெயர்கள் மாறுகின்றன. வேலைக்காரி, தன் எஜமானியின் தளுக்கையும் குலுக்கையும் அப்படியே நடித்துக் காட்டும் இடத்தில் கொட்டகை குலுங்கச் சிரித்திருக்கும்.

ஆனால் முடிவு? வேலைக்காரர்களின் மனம் இளகுகிறது. எஜமானர்களை மன்னித்து, பழைய உடையைப் பழையபடி மாட்டிக் கொள்கிறார்கள். எல்லோரும் ஊருக்குப் புறப்படுகிறார்கள்.

இந்த நாடகத்துக்கு ஒன்றேகால் வருஷம் முன்னால், 1723 டிசம்பரில், பிரெஞ்சு அரசர் இந்து மகாசமுத்திரத்திலுள்ள பூர்போன் தீவுக்கும் ஈல் தெ பிரான்ஸ் தீவுக்கும் ஓர் அடிமைச் சட்டம் பிறப்பித்திருந்தார். பூர்போன் என்பது இன்றைய ரெயூனியன். ஈல் தெ பிரான்ஸ் என்பது மொரீஷியஸ். மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1685-ல் போட்ட 'கறுப்பர் சட்ட'த்தின் வாரிசு அது. மூலச் சட்டத்தில் அடிமை என்பவர் நாற்காலி, மேசை போல எடுத்துச் செல்லத்தக்க சொத்து. ஓடிப் போய் ஒரு மாதம் கழித்துப் பிடிபட்டால் காதை அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் முறை முழங்காலின் பின்பக்க நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை மரணம். பாரிஸ் பிரபுக்கள் மூன்று வருஷ அடிமைத்தனத்தைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தபோது, அவர்கள் குடித்த காப்பிக்குச் சர்க்கரை வந்தது இந்தச் சட்டத்தின் கீழிருந்த தோட்டங்களிலிருந்து.

ஸமோரும் மிர்ஸாவும்

அடுத்து வருவதுதான் முக்கியமான நாடகம். எழுதியவர் ஒரு பெண். ஒலிம்ப் தெ கூஜ் என்று பெயர். கசாப்புக் கடைக்காரர் வீட்டுப் பெண். அதிகப் படிப்பில்லாதவர். 'ஸமோரும் மிர்ஸாவும்' என்ற அவருடைய நாடகத்தை அரசாங்க நாடகக் கழகம் 1785-ல் ஏற்றுக் கொண்டது. ஏற்றுக் கொண்டு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. 1788-ல் அதை அவரே அச்சிட்டபோது, முகப்பில் 'இந்திய நாடகம்' என்று போட்டார். ஆம் தோழர்களே, அடிமைகளான ஸமோரும் மிர்ஸாவும் அந்தப் பதிப்பில் இந்தியர்கள்! இந்தியா என்றால் எது, அமெரிக்கத் தீவு என்றால் எது என்ற பூகோளம் அந்த நாடகத்தில் குழம்பித்தான் கிடக்கிறது. ஆனாலும் அடிமைச் சந்தையில் இந்தியர்களும் உண்டு என்பது பாரிஸுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது.

இங்கே இன்னொரு விவரம். அதே ஸமோர் என்ற பெயரில் நிஜமாகவே ஒருவன் அந்த நகரில் இருந்தான். வங்காளத்துச் சிட்டகாங்கைச் சேர்ந்தவன். சிறு பையனாக வாங்கப்பட்டு, பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகி துபாரி சீமாட்டியிடம் விளையாட்டுப் பொம்மை போலக் கொடுக்கப்பட்டவன். புரட்சி வந்ததும் அவன் புரட்சியாளர்கள் பக்கம் சேர்ந்தான். 1793-ல் நீதிமன்றத்தில் தன் எஜமானிக்கு எதிராகச் சாட்சி சொன்னான். பிரெஞ்சுச் சரித்திரக்காரர்களில் பலர் இன்றும் அவனை நன்றி கெட்டவன் என்றே எழுதுகிறார்கள். எதற்கு நன்றி என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

நாடகத்துக்கு வருவோம். மிர்ஸாவின் மீது கவர்னரின் காரியஸ்தன் கண் வைக்கிறான். அவளைத் துன்புறுத்துகிறான். ஸமோர் அந்தக் காரியஸ்தனைக் கொன்றுவிட்டு அவளுடன் ஓடி, ஆளில்லாத தீவில் ஒளிந்திருக்கிறான். அங்கே கப்பல் உடைந்து தத்தளிக்கும் ஒரு பிரெஞ்சுத் தம்பதியைக் காப்பாற்றுகிறான். பிறகு பிடிபடுகிறான், தூக்குத் தண்டனை காத்திருக்கிறது. காப்பாற்றப்பட்ட பிரெஞ்சுப் பெண்ணோ, விசாரித்துப் பார்த்தால், கவர்னர் நெடுநாளாகத் தேடிக் கொண்டிருந்த மகள்! கவர்னரின் நெஞ்சு உருகுகிறது. மன்னிப்பு வழங்குகிறார். ஸமோருக்கும் மிர்ஸாவுக்கும் கல்யாணம்.

நம்மூர் நாடகம் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல. நமக்குத் தேவர்கள் வருவார்கள். அவர்களுக்குக் கவர்னர் வருகிறார்.

இருந்தாலும் அந்த அம்மையாரைக் குறைத்துப் பேச நாம் தயாராக இல்லை. காரியஸ்தனைக் கொன்ற ஓர் அடிமையைக் கதாநாயகனாக்கி, அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சபையோர் முன்னால் பேச வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். பாஸ்டில் சிறை உடைபட்டு ஐந்து மாதம் கழித்து, 1789 டிசம்பர் 28-ந் தேதிதான் நாடகம் மேடையேறியது. தோட்ட முதலாளிகளின் ஆட்கள் கொட்டகைக்குள் புகுந்து கூச்சலிட்டார்கள். மூன்றே காட்சிகளோடு நாடகம் நின்றது.

இதைக் கேட்கும்போது நம் நாட்டு 'நீல தர்ப்பணம்' நினைவுக்கு வரவில்லையா? வங்காளத்து அவுரித் தோட்டத் துரைமார்களின் கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860-ல் நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-ல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். 1876-ல் நாடகங்களைத் தடை செய்யவே தனிச் சட்டம் வந்தது. பாரிஸானாலும் கல்கத்தாவானாலும் தோட்ட முதலாளிக்கு நாடகம் என்றால் ஒரே பயம்தான்.

சபையில் நடந்த நாடகம்

கவர்னரின் மன்னிப்பு மேடையில் கிடைத்துவிட்டது. வெளியே என்ன நடந்தது?

'மனிதர்கள் பிறப்பால் சுதந்திரமானவர்கள்' என்று 1789 ஆகஸ்டில் பிரகடனம் செய்த அதே பிரெஞ்சு சபை, அடிமைகளைப் பற்றி வாய் திறக்கத் தயங்கியது. ஸான் டொமிங் தீவில் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்சம் அடிமைகள். துறைமுகப் பட்டணங்களின் செல்வம் முழுதும் அவர்கள் முதுகில் நின்றது. 1791 மே மாதம் வந்த தீர்மானத்தில் 'அடிமைகள்' என்ற சொல்லையே எழுத முயன்றார்கள். அந்தச் சொல்லைச் சட்டத்தில் எழுதுவது நமக்கே அவமானம் என்று ரோபஸ்பியர் எதிர்த்துப் பேசினார். உடனே திருத்தம் வந்தது. எப்படிப்பட்ட திருத்தம்? 'அடிமைகள்' என்பதை அடித்துவிட்டு, 'சுதந்திரமற்ற நபர்கள்' என்று எழுதினார்கள்! சங்கிலி அப்படியே இருந்தது. சங்கிலி என்ற சொல்தான் போயிற்று. நமக்கும் இந்த வித்தை தெரியும். அடிமை ஆள் என்பது படியாள் என்றும் பண்ணையாள் என்றும் மாறிய கதை நம் ஜில்லாக்களின் கதையல்லவா?

அந்தத் திருத்தத்துக்கு மூன்று மாதம் கழித்து, 1791 ஆகஸ்டில், ஸான் டொமிங்கின் வடக்குச் சமவெளியில் 'சுதந்திரமற்ற நபர்கள்' கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். இரவில் காட்டில் கூடி, முடிவெடுத்து, தோட்டம் தோட்டமாக எழுந்தார்கள். சமையல்காரர்களும் வண்டிக்காரர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் சேர்ந்து படையானார்கள். வண்டிக்காரராக இருந்தவர்களில் ஒருவர்தான் பின்னால் அந்தப் படைக்குத் தளபதியான தூசான் லூவர்த்தூர். இரண்டு வருஷம் அடக்கிப் பார்த்தும் முடியாமல், 1793 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதி சோந்தோனா அங்கேயே விடுதலையை அறிவித்தார். அந்தத் தீவிலிருந்து மூன்று பிரதிநிதிகள் பாரிஸ் வந்தார்கள். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கலப்பினத்தவர், ஒருவர் கறுப்பர். ழான் பாப்தீஸ்த் பெலே என்ற அந்தக் கறுப்பர் தாமே அடிமையாக இருந்தவர். அவர்கள் சபையில் அமர்ந்த பிறகுதான், 1794 பிப்ரவரி 4-ந் தேதி, பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் அடிமை முறை ஒழிந்தது என்று சபை தீர்மானித்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் தீவில் தீ. பிறகு தீவிலேயே அறிவிப்பு. அதற்கும் பிறகு பாரிஸில் கைதட்டல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது தலைகீழாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஒலிம்ப் தெ கூஜ் அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? 1792-ல் நாடகத்தை மறுபடி அச்சிட்டபோது, முன்னுரையில் ஸான் டொமிங் அடிமைகளைக் கடிந்து கொண்டார். கொடுங்கோலர்களைப் போலவே நீங்களும் கொடுமை செய்தால் கொடுங்கோலர்களுக்கு நியாயம் தேடிக் கொடுப்பீர்கள் என்ற பாவனையில் புத்தி சொன்னார். இரக்கமுள்ளவர், நல்லவர். பெண்களுக்கு உரிமை கேட்டு 1791-ல் பிரகடனம் எழுதியவர். 1793 நவம்பரில் அவரையே தலைவெட்டும் மேடைக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்டனையை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அவருடைய நாடகத்தில் அடிமைக்கு விடுதலை வருகிற வாசல் ஒன்றே ஒன்று. அது கவர்னர் மாளிகை வாசல். தன் ஸமோர் வேறு வாசலை உடைத்துத் திறந்து கொண்டான் என்றபோது, தான் எழுதிய பாத்திரத்தையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நம்மவர் இருந்த தீவுகளில்

1794-ம் வருஷத் தீர்மானம் நம் மக்களுக்கு வந்து சேர்ந்ததா? வரவில்லை. புதுச்சேரியை 1793 ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். மொரீஷியஸுக்கு 1796-ல் இரண்டு பிரெஞ்சுப் பிரதிநிதிகள் சட்டத்தை எடுத்துக் கொண்டு போனார்கள். தோட்ட முதலாளிகள் சில நாளில் அவர்களை மறுபடி கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். 1802-ல் நெப்போலியன் அடிமை முறையைச் சட்டப்படி மீண்டும் நிலைநாட்டினான். தூசானைப் பிடித்து பிரான்ஸின் பனிமலைக் கோட்டையில் அடைத்தான். 1803 ஏப்ரலில் அவர் அங்கே மடிந்தார். அவருடைய தோழர்கள் நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1-ந் தேதி ஹைத்தி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள்.

அந்தத் தீவுகளுக்கு நம் கரையிலிருந்து போனவர்கள் எப்படிப் போனார்கள்? கட்டட வேலைக்குக் கூலி பேசிப் போனவர்கள் உண்டு. கடத்தப்பட்டவர்களும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1743-ம் ஆண்டில், ஆட்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலேறும் வரை மறைத்து வைத்த கும்பலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். டச்சுக்காரர்கள் அதற்கும் நூறு வருஷம் முன்னால் தஞ்சைப் பஞ்சத்தில் பசித்த மக்களை விலைக்கு வாங்கிக் கொண்டு போனார்கள்.

இந்தத் தீவுகளில் நடந்த ஒரு வழக்கு, எந்த நாடகத்துக்கும் குறைந்ததல்ல. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரில் பிறந்த மதலேன் என்ற பெண் சிறு வயதில் விற்கப்பட்டு, பிரான்ஸுக்கும், அங்கிருந்து பூர்போன் தீவுக்கும் கொண்டு போகப்பட்டாள். 1789-ல் அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. எஜமானர் குடும்பம் அதை அவளிடம் சொல்லாமல் மறைத்தது. அவள் மகன் பூர்சி அடிமையாகவே வளர்ந்தான். தாய் இறந்த பிறகு காகிதங்கள் வெளிவந்தன. 1817-ல் அவன் நீதிமன்றத்துக்குப் போனான். பிரான்ஸ் மண்ணை மிதித்தவர் அடிமையாக இருக்க முடியாது, என் தாய் மிதித்தாள். என் தாய் இந்தியப் பெண், சுதந்திரமாகப் பிறந்தவள். ஆகவே நான் அடிமையல்ல என்பது அவனுடைய வாதம். அவனைச் சிறையில் போட்டார்கள். அவனுக்கு ஆதரவாக நின்ற அரசாங்க வக்கீல் ழில்பேர் பூஷேயைத் தீவை விட்டே வெளியேற்றினார்கள். மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு அவனை அனுப்பினார்கள். அவன் விடவில்லை. இருபத்தாறு வருஷம் வழக்காடினான். 1843 டிசம்பரில் பாரிஸ் மேல்நீதிமன்றம், பூர்சி சுதந்திரமாகவே பிறந்தவன் என்று தீர்ப்புச் சொன்னது. முகமது அய்சாவி என்ற பத்திரிகையாளர் 2010-ல் இதைப் புத்தகமாக்கினார். பிறகு பிரெஞ்சு மேடைக்கும் வந்தது. ஒரு வங்காளத் தாயின் மகன் கதை. நம் நாட்டு மேடைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பிரெஞ்சுக் கதை எது?

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒருவன் தன் பத்திரத்தைக் காட்டி ஜெயித்தான். பத்திரமில்லாதவர்கள்? பூர்போன் தீவின் சேன் லூ பகுதியில் 1811 நவம்பரில் எலி என்ற அடிமையின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. தீவு அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. கிளர்ச்சியை ஆயுதத்தால் அடக்கினார்கள். மரணதண்டனைகள் விதித்தார்கள்.

முரசும் நஷ்ட ஈடும்

1848-ல் பிரான்ஸில் மறுபடி புரட்சி. ஏப்ரல் 27-ந் தேதி அடிமை ஒழிப்பு உத்தரவு. அதில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் கவிஞர் லமார்த்தீன். அவரே எழுதிய 'தூசான் லூவர்த்தூர்' என்ற ஐந்து அங்கச் செய்யுள் நாடகம் 1850 ஏப்ரலில் அரங்கேறியது. பிரபல நடிகர் பிரெடரிக் லெமேத்ர் முகத்தில் கறுப்புப் பூசிக் கொண்டு தூசானாக நடித்தார். நெப்போலியன் தூசானின் பிள்ளைகளையே தூதனுப்பி, தகப்பனின் பாசத்தைத் தூண்டிலாகப் போடுகிறான். பிள்ளையா, ஜனங்களா என்று தூசான் தவிக்கிறார். நெஞ்சைத் தொடும் கட்டம்தான். இங்கே கவர்னர் வந்து மன்னிக்கவில்லை என்ற அளவில் மேடை ஓர் அடி முன்னே வந்திருக்கிறது.

ஆனால் மேடைக்கு வராத காட்சி ஒன்று உண்டு. ஏப்ரல் 27 உத்தரவு கப்பலில் வந்து கொண்டிருக்கிறது. மார்ட்டினிக் தீவில் ரொமேன் என்ற அடிமை, மரவள்ளிக் கிழங்கு துருவுகிறவர்களுக்குத் தாளமாக முரசு அடிக்கிறான். முரசு அடிக்கக் கூடாது என்று தோட்டத்தில் தடை. அவனைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். தோட்டம் தோட்டமாக ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். மே 22-ந் தேதி சேன் பியேர் நகரம் கொந்தளிக்கிறது. மே 23-ந் தேதி, உத்தரவு வருவதற்கு முன்னாலேயே, கவர்னர் விடுதலையை அறிவிக்கிறார். இங்கேயும் கடைசிக் காட்சியில் கவர்னர்தான் வருகிறார். ஆனால் யார் வரவழைத்தார்கள் என்பது தெரிகிறதல்லவா? பறை அடித்ததற்காக உதை வாங்கிய ஊர்கள் நம் பக்கத்திலும் உண்டு. இந்தக் காட்சியை நம் தோழர்கள் நடித்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சு அரசு நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமையாக இருந்தவனுக்கல்ல, அடிமையை வைத்திருந்தவனுக்கு. 1849-ம் ஆண்டுச் சட்டப்படி பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட பிராங்க். ஹைத்திக்கோ 1825-லேயே பதினைந்து கோடி பிராங்க் தண்டம் விதித்து, பிறகு ஒன்பது கோடியாகக் குறைத்தார்கள். விடுதலை பெற்றவர்கள் தங்களுக்கே விலை கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கடனின் கடைசித் தவணை 1947 வரை இழுத்தது. ரெயூனியனில் 1848 டிசம்பர் 20-ந் தேதி அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். விடுதலைக்கு முன்பே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அவர்கள் விட்டுப் போன கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அங்கே அவர்கள் படும் பாடு தாங்காமல் 1882-ல் பிரிட்டிஷ் இந்திய சர்க்காரே அந்தக் குடியேற்றத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

மார்ட்டினிக்கில் பிறந்த எமே செசேர் 1963-ல் 'கிறிஸ்தோப் மன்னனின் சோகம்' என்ற நாடகத்தை வெளியிட்டார். விடுதலை பெற்ற ஹைத்தியில் ஒரு தளபதி தன்னையே மன்னனாக்கிக் கொண்டு, மலையுச்சியில் பெருங்கோட்டை கட்ட அதே ஜனங்களைச் சவுக்கால் வேலை வாங்குகிறான். செசேர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் 1945-ல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1956-ல் கட்சியிலிருந்து விலகியவர். அந்த விவகாரம் வேறு. அதற்காக இந்த நாடகத்தைப் படிக்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான். சவுக்கு கை மாறுவது விடுதலையாகாது என்று மேடையிலேயே நின்று கேட்ட நாடகம் அது.

காரைக்காலில் அச்சேறிய நந்தன்

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழில் அடிமையைப் பற்றிய நாடகம் உண்டா? உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. காலட்சேபமாகத் தொடங்கி, நாடகமாகவும் நடந்து, 1935-ல் கே. பி. சுந்தராம்பாளையும் 1942-ல் தண்டபாணி தேசிகரையும் கொண்டு சினிமாவாகவும் வந்தது. அது முதலில் அச்சேறியதற்கு உதவியவர் யார் தெரியுமா? காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சிசே துரை. உ. வே. சாமிநாதையர் இதை எழுதியிருக்கிறார். 1861-ல், அதாவது பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்துப் பதின்மூன்று வருஷம் கழித்து, ஒரு தமிழ்ப் பண்ணையாளின் கதை பிரெஞ்சுக்காரரின் ஆதரவில் அச்சேறுகிறது. அதே காரைக்கால் துறைமுகத்தில் அதே ஆண்டுகளில் கூலிக் கப்பலும் நிற்கிறது!

பெரியபுராணத்து நந்தனாருக்குப் பண்ணை எஜமானர் கிடையாது. வேதியர் என்ற மிராசுதார் பாரதியாரின் படைப்பு. ஏன் படைத்தார்? தஞ்சைச் சீமையில் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். அங்கே மட்டுமா? 1819-ல் சென்னை ரெவின்யூ போர்டு கலெக்டர்களிடம் அடிமை முறை பற்றிக் கேட்டபோது, நம் திருநெல்வேலி ஜில்லாவிலும் நஞ்சை உழுத மக்கள் நிலத்தோடு சேர்த்தும், நிலத்தை விட்டுத் தனியாகவும் விற்கப்படுகிறார்கள் என்பது தெரிய வந்தது. ஆங்கில சர்க்கார் 1833-ல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமையை ஒழித்தபோது, கம்பெனி ஆட்சியிலிருந்த இந்தியாவை விலக்கி வைத்தது. 1843-ல் இங்கே ஐந்தாவது சட்டம் வந்தது. பூர்சி தீர்ப்புப் பெற்ற அதே வருஷம். அந்தச் சட்டமும் அடிமை வைத்திருப்பதைக் குற்றமென்று சொல்லவில்லை. அடிமையின் மீதுள்ள உரிமையை இனிக் கோர்ட்டு ஏற்காது என்று மட்டும் சொன்னது. எந்தப் பண்ணையாள் கோர்ட்டுக்குப் போனான்?

அந்த வேதியரிடம் நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். ஓர் இரவில் நாற்பது வேலி நிலத்தை உழுது நட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நந்தன் அழுகிறான். இறைவன் அருளால் விடிவதற்குள் நாற்பது வேலியும் விளைந்து நிற்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்; உத்தரவு கிடைக்கிறது. ஸமோருக்குக் கவர்னர் மனம் உருகியது போல, நந்தனுக்கு வேதியர் மனம் உருகுகிறது. நந்தன் போய்விடுகிறான். சேரியில் மிச்சமிருந்தவர்கள்? சந்திரமதியோடு நெல் குத்திய பெண்ணின் கதிதான்.

இருந்தும் பாரதியார் ஒரு காரியம் செய்துவிட்டார். கூலி, உத்தரவு, திட்டு, மிரட்டல் என்று பண்ணை வேலையின் முழுக் கொடுமையையும் முதன்முதலாகச் சபையில் பாட வைத்துவிட்டார். நூலுக்குப் பாயிரம் கொடுக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே முதலில் தயங்கினார் என்றால் சும்மாவா?

மேடையில் வேதியர் மனம் மாறிவிட்டார். வயலில் மாறியதா? சாணிப்பாலும் சவுக்கடியும் தஞ்சையில் 1843-க்குப் பிறகும் நூறு வருஷம் நடந்தன. பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரி சேரியாகச் சங்கம் அமைத்து, 1944-ல் மன்னார்குடியில் மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தக் கை தணிந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. இவற்றுக்கு நடுவே, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து கருகினார்கள். அவர்கள் கேட்டது கொஞ்சம் நெல் கூடுதல் கூலியும், செங்கொடியை வைத்துக் கொள்ளும் உரிமையும். 1973-ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நேரில் நடந்து போயிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.

அந்தத் தீக்குப் பிறகு நந்தன் கதையைப் பழையபடி பாட முடியுமா? இந்திரா பார்த்தசாரதி 1978-ல் 'நந்தன் கதை' நாடகம் எழுதினார். அதில் நந்தன் ஜோதியில் கலப்பதில்லை. மேல்சாதிக்காரர்கள் சேர்ந்து சூழ்ச்சி செய்து அவனைத் தீயில் இறக்குகிறார்கள். நம் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் 1934-லேயே 'புதிய நந்தன்' என்று சிறுகதை எழுதிப் பழைய கதையைக் கிள்ளிப் பார்த்தவர். ஆக, பொய்யான முடிவை மேடையிலிருந்து இறக்கும் வேலை தமிழில் ஆரம்பமாகிவிட்டது. ஆனால் அந்த நாடகத்திலும் நந்தன் ஏமாந்துதான் சாகிறான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் நாடகம் போடும் தோழர்களிடம் நாம் கேட்பது ஒன்று உண்டு. நந்தனை விட்டுவிடாதீர்கள். அவனுடைய பாட்டும் மெட்டும் ஜனங்களின் வாயில் இன்னும் இருக்கின்றன. அந்த நாற்பது வேலிக் காட்சியை மட்டும் வேறு மாதிரி எழுதிப் பாருங்கள். இரவு, மேடையில் ஒரு அரிக்கன் விளக்கு. வேதியர் உத்தரவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பூதகணங்களை மேலிருந்து இறக்க வேண்டாம். சேரியிலிருந்து ஆண்களும் பெண்களும் ஏர் கலப்பையோடும் நாற்று முடியோடும் ஒவ்வொருவராக வரட்டும். நாற்பது வேலியை ஓர் இரவில் முடிக்க முடியாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். வரப்பில் உட்கார்ந்து அவர்கள் என்ன பேசிக் கொள்கிறார்கள்? விடிந்ததும் உழாத வயலின் வரப்பில் வேதியர் வந்து நிற்கும்போது, அவரிடம் முதலில் பேசுகிறவர் யார்? நந்தனா, வேறு ஒருவரா? ஒரு பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் தோழர்களில் பாட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். வயல் வேலை செய்கிற தாய்மார்களிடம் நடவுப் பாட்டு மெட்டைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை நாம் கூடும்போது அந்த ஒரு காட்சியை இதே இடத்தில் படித்துக் காட்டுங்கள், பேசித் திருத்துவோம்.